ஒரு பகல் தூரம்

எங்கள் மகள் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் சிகாகோவிலிருந்து கூப்பிட்டு, "டிக்கெட் போடப்போறேம்மா. மே மாசம் வர்றீங்களா, ஜூன்லயா?" என்று கேட்டாள். என் மனைவி மாதத்தைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. "வழியில எத்தன தடவ பொழுது போவும்?" என்று திருப்பிக் கேட்டாள். மகள், "ஃபோன அப்பாகிட்ட குடும்மா" என்றாள்.

நாங்கள் தமிழ்ச் சமணர்கள். கீழ்பென்னாத்தூருக்கு அந்தண்டை, நெல்லும், மல்லாட்டை என்று நாங்கள் சொல்கிற வேர்க்கடலையும் விளைகிற ஒரு சின்ன ஊரில் எங்கள் இரண்டு குடும்பங்களுக்கும் நிலம் உண்டு, கோயில் உண்டு. டவுனை ஒட்டிய வேங்கிக்காலில் வீடு கட்டிக்கொண்டு வந்து பதினைந்து வருஷம் ஆகிறது. இருட்டிய பிறகு சாப்பிடுவதில்லை என்பது எங்கள் வழக்கம். விளக்கு வெளிச்சத்தில் கண்ணுக்குத் தெரியாத பூச்சி புழு ஏதாவது சோற்றோடு போய்விடக் கூடாது என்று வந்த பழக்கம் அது. விவரம் தெரிந்த நாளிலிருந்து என் மனைவி அதை விட்டதில்லை. அங்கன்வாடியில் டீச்சராக இருந்தாள். நாலு மணிக்கு வீட்டுக்கு வந்தால், ஆறு மணிக்குள் சமைத்துச் சாப்பிட்டுத் தட்டைக் கழுவிக் கவிழ்த்துவிடுவாள். அதற்குப் பிறகு மறுநாள் சூரியன் வரும்வரை தண்ணீர் மட்டும்தான். பிரசவத்துக்கு ஆஸ்பத்திரியில் படுத்திருந்தபோதும் அப்படித்தான் இருந்தாள்.

நான் அப்படி இல்லை. நில அளவையில் சர்வேயர் உத்தியோகம். எல்லைத் தகராறு உள்ள நிலத்தைப் பகல் முழுக்க அளந்து, கல் நட்டு, அண்ணன் தம்பி இரண்டு பேரையும் ஒரு வழியாகப் பேசவைத்துவிட்டு, கிடைத்த பஸ்ஸில் தொற்றிக்கொண்டு வருகிறவன் பொழுதோடு எங்கே சாப்பிடுவது? எட்டு மணிக்கோ எட்டரைக்கோ வீட்டுக்கு வருவேன். எனக்குத் தட்டு போட்டு, சூடாகப் பரிமாறி, எதிரில் சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டு, அன்றைக்குக் குழந்தைகள் செய்த சேட்டைகளையெல்லாம் சொல்லுவாள். ஏன் இந்நேரத்துக்குச் சாப்பிடுகிறீர்கள் என்று ஒருநாளும் கேட்டதில்லை. நானும் என்கூட ஒரு வாய் சாப்பிடு என்று சொன்னதில்லை. கல்யாணமாகி முப்பத்தோரு வருஷம். லீவு நாள்களைத் தள்ளிவிட்டுப் பார்த்தால், நாங்கள் ராத்திரிச் சாப்பாட்டைச் சேர்ந்து சாப்பிட்டதே இல்லை என்றுதான் சொல்ல வேண்டும்.

ரிட்டையர் ஆன பிறகும் எனக்கு எட்டு மணிக்குத்தான் பசித்தது. வயிறு அந்த நேரத்துக்குப் பழகிவிட்டது.

மகள் என்னிடம், "அப்பா, அம்மாவுக்குத் தோதா எந்த ஃப்ளைட்டுனு நீயே பாரு. நான் இங்க இருந்து பாத்தா எல்லாமே ராத்திரியாத்தான் இருக்குது" என்றாள். அதனால் மறுநாள் காலையில் டவுனுக்குப் போய், தேரடி வீதியில் மாடியில் இருக்கிற டிக்கெட் ஆபீஸ் ஒன்றில் ஏறினேன். வெளிநாட்டுக்காரர்கள் வந்து மாதக்கணக்கில் தங்கிப் போகிற ஊர் என்பதால் இங்கே இந்த மாதிரி ஆபீஸ்கள் நாலைந்து உண்டு. மேசைக்குப் பின்னால் முப்பது வயது மதிக்கத்தக்க ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள்.

"சிகாகோவுக்கு ரெண்டு டிக்கெட். எப்ப கிளம்புனா வழியில பொழுது போவாதோ, அந்த ஃப்ளைட்டு வேணும்மா."

அவள் கையிலிருந்த பேனாவைக் கீழே வைத்தாள். "சார், எல்லாரும் நேரம் கம்மியா ஆவறத கேப்பாங்க. இல்லனா லக்கேஜ் ஜாஸ்தி விடறத கேப்பாங்க. இது என்னா சார் புதுசா இருக்குது?"

விஷயத்தைச் சொன்னேன். முதலில் சிரித்தாள். பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டு, கம்ப்யூட்டர் திரையை என் பக்கம் திருப்பினாள். வளைகுடா வழியாகப் போகிறது, டெல்லி வழியாகப் போகிறது, லண்டன் வழியாகப் போகிறது என்று மூன்று வழிகள். முதல் இரண்டிலும் பாதி வழி இருட்டில் போனது. லண்டன் வழிதான் விடியற்காலை ஐந்தரைக்குச் சென்னையில் கிளம்பியது. லண்டனுக்கு எட்டாயிரத்து இருநூறு கிலோமீட்டர், பதினொரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேல். அங்கே இறங்கி ஏறி, சிகாகோவுக்கு ஆறாயிரத்து முந்நூறு சொச்சம், ஒன்பது மணி நேரம். மதியம் மூன்று மணிக்கு லண்டனில் கிளம்பி, அதே நாள் சாயங்காலம் ஆறு மணிக்குச் சிகாகோவில் இறங்குகிறது.

"ஒம்போது மணி நேரம் போயும் மூணு மணி நேரம்தான் ஆவுதா?" என்றேன். எனக்கே தெரிந்த விஷயம்தான். ஆனால் கட்டத்துக்குள் அச்சடித்த மாதிரி பார்க்கும்போது வேறாக இருந்தது.

அவள் விரலை வைத்து ஒவ்வொரு வரியாகப் பார்த்தாள். "ஜூன் மாசம்னா அங்க எட்டரைக்குத்தான் சார் இருட்டும். அப்ப நீங்க இங்க இருந்து சூரியன் கூடவே போயி, சூரியன் கூடவே எறங்கறீங்க!" அவளுக்கு அது அவ்வளவு பிடித்துவிட்டது. பக்கத்து அறையில் இருந்தவரைக் கூப்பிட்டு அவருக்கும் ஒருமுறை விளக்கினாள். எனக்கு டீ வரவழைத்தாள். சாப்பாட்டுக்கு எதிரே சமணர் உணவு என்று ஒரு வகை இருப்பதைக் காட்டி, இரண்டு பேருக்கும் அதையே போடச் சொல்லி மகளுக்கு எழுதிக் கொடுத்தாள்.

அன்று மதியம் ஒரு பழைய கணக்கு நோட்டின் பின்பக்கத்தில் எல்லாவற்றையும் கோடு போட்டு எழுதி, மனைவி முன்னால் வைத்தேன். ஒரு பெரிய நிலத்தை அளந்து முடித்த மாதிரி திருப்தி எனக்கு.

அவள் கண்ணாடி போட்டுக்கொண்டு நிதானமாகப் படித்தாள். "நல்லாத்தான் போட்டிருக்கீங்க. ஆனா எந்தப் பொழுதுங்க?"

"எந்தப் பொழுதுன்னா?"

"லண்டன்ல வெயில் அடிக்கும். நம்ம ஊருல அப்ப வெளக்கு வெச்சிருப்பாங்க. நான் எத பாக்கறது?"

நான் அதை நினைக்கவே இல்லை. ஜன்னலுக்கு வெளியே சூரியன் இருந்தால் போதாதா என்று கேட்டேன். அவள் கொஞ்ச நேரம் யோசித்தாள். விரதம் பிடிக்கிற வேகமெல்லாம் இல்லை அவள் முகத்தில். கடையில் எந்தப் புடவை என்று முடிவு பண்ணுகிற மாதிரிதான் இருந்தது. "நம்ம ஊருல இருட்டிட்டா சாப்பிட மாட்டேன். வெளிய இருட்டிட்டாலும் சாப்பிட மாட்டேன். ரெண்டு பக்கமும் வெளிச்சம் இருக்கும்போது சாப்பிட்டுக்கறேன். நீங்க அதுக்குக் கணக்குப் போடுங்க."

மறுபடியும் உட்கார்ந்தேன். எங்கள் ஊரில் ஆறே முக்காலுக்குள் இருட்டும். அப்போது லண்டனில் மதியம் இரண்டேகால். எங்கள் ஊரில் அடுத்த நாள் ஐந்தே முக்காலுக்கு விடியும். அப்போது சிகாகோவில் சாயங்காலம் ஏழேகால். அங்கே எட்டரைக்கு இருட்டுகிறது. ஆகவே சிகாகோவில் ஏழேகாலிலிருந்து எட்டரை வரை, ஒன்றேகால் மணி நேரம், அவளுடைய இரண்டு சூரியனும் வானத்தில் இருக்கும். ஆறு மணிக்கு இறங்குகிறோம். மகள் வீடு விமான நிலையத்திலிருந்து ஐம்பது நிமிஷம். தாராளமாகப் போய்ச் சேர்ந்துவிடலாம். மகளைக் கூப்பிட்டு இதைச் சொன்னபோது, "அப்பா, நீ இன்னும் சர்வேயர்தான்" என்றாள்.

நாங்கள் கிளம்பிய நாள் பௌர்ணமி. சாயங்காலம் ஆகிவிட்டால் கிரிவலக் கூட்டத்தில் ஒரு வண்டியும் நகராது என்று மதியம் இரண்டு மணிக்கே காரை வரச்சொல்லிவிட்டோம். கீழ்பென்னாத்தூர் தாண்டும்போது எதிரே வேன் வேனாக ஜனம் வந்துகொண்டிருந்தது. செஞ்சி தாண்டி ஒரு புளியமரத்தடியில் நிறுத்தி, வெயில் இருக்கும்போதே தயிர்சாதம் சாப்பிட்டோம். அவள் கட்டியிருந்த பச்சைப் புடவையில் ஒரு பருக்கை விழுந்ததை எடுத்து எறும்புப் புற்றுக்குப் பக்கத்தில் வைத்தது நினைவிருக்கிறது.

விமானம் எழும்பிய கொஞ்ச நேரத்தில் எங்களுக்குப் பின்னால் சூரியன் வந்தது. அவளுக்கு ஜன்னல் சீட். முதல் தடவை விமானம் ஏறுகிறவள் பயப்படுவாள் என்று நினைத்து அவள் கையைப் பிடித்திருந்தேன். கொஞ்ச நேரம் கழித்து, "கை வேர்க்குதுங்க, விடுங்க" என்றாள். வேர்த்தது என் கைதான்.

சாப்பாடு வந்தது. சமணர் உணவு என்று மேலே ஒரு சீட்டு ஒட்டியிருந்தார்கள். அவள் ஸ்பூனால் ஒவ்வொன்றாகக் கிளறிப் பார்த்தாள். வெங்காயம் இல்லை, பூண்டு இல்லை, கிழங்கு இல்லை. "நம்மளப் பத்தித் தெரிஞ்சவங்கதான் யாரோ செஞ்சிருக்காங்க" என்றாள். சமைத்தவர் எதிரே நிற்கிற மாதிரி, நன்றாக இருக்கிறது என்று தலையை வேறு ஆட்டினாள். வழியெல்லாம் வெயில். சீட்டுக்கு எதிரே இருந்த சின்னத் திரையில் விமானம் நகர்வதையும், போன தூரம், போகவேண்டிய தூரம், மீதி நேரம் எல்லாம் மாறி மாறி வருவதையும் நான் பார்த்துக்கொண்டே வந்தேன். அவள் தன் கைக்கடிகாரத்தை மாற்றவே இல்லை. ஊர் நேரத்திலேயே வைத்திருந்தாள்.

லண்டனில் இறங்கியபோது அங்கே பன்னிரண்டேகால். அவள் கடிகாரத்தில் நாலே முக்கால். பஸ், எஸ்கலேட்டர், வரிசை, மறுபடியும் ஒரு வரிசை. சோதனையில் அவள் பையை ஓரமாக எடுத்து வைத்துவிட்டார்கள். தலை நரைத்த அதிகாரி ஒருவர் புளியோதரை டப்பாவைத் திறக்கச் சொல்லி, முகர்ந்து பார்த்து, இது என்ன என்று கேட்டார். என் ஆங்கிலத்தில் புளி என்பதற்கு வார்த்தை வரவில்லை. இவள் கையைக் குவித்து வாயருகே கொண்டுபோய்ச் சாப்பிடுகிற மாதிரி காட்டிவிட்டு, கடிகாரத்தைத் தொட்டுக் காட்டினாள். அவர் என்ன புரிந்துகொண்டாரோ, சிரித்து மூடிக் கொடுத்துவிட்டார். உள்ளே வந்து ஒரு நாற்காலி பிடித்து உட்கார்ந்தபோது அவள் கடிகாரத்தில் ஆறு அடிக்க ஐந்து நிமிஷம். அவசரமில்லாமல் சாப்பிட்டு முடித்தாள். எனக்கும் கொடுத்தாள். எதிரே பெரிய கண்ணாடிச் சுவர் முழுக்க மதிய வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது. அவள் கை கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்தாள். ஆறரைக்குக் கண்ணை மூடிப் பஞ்ச நமஸ்கார மந்திரம் சொன்னாள். அவளைப் பொறுத்தவரை இருட்டிவிட்டது.

அதுவரை என் கணக்கு ஒரு மயிரிழை பிசகவில்லை. அடுத்த விமானத்தில் ஏறி, கதவு மூடி, பெல்ட் போட்ட பிறகு விமானி ஏதோ அறிவித்தார். சிகாகோ பக்கத்தில் இடி மழை. ஓடுபாதையிலேயே காத்திருக்க வேண்டும். கால் மணி, அரை மணி, முக்கால் மணி. நான் நோட்டை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு கால் மணிக்கும் வீட்டுக்குப் போய்ச்சேரும் நேரத்தை அடித்து அடித்து எழுதினேன். குடியேற்ற வரிசை, பெட்டி, கார் எல்லாம் சேர்த்து எட்டு ஐந்து என்று இருந்தது எட்டு ஐம்பத்தைந்து ஆனது.

"கணக்கு தப்பிடுச்சு" என்றேன் அவளிடம்.

"சூரியனா லேட்டு? ஏரோப்ளேன்தானே லேட்டு. வுடுங்க."

"அங்க போறதுக்குள்ள இருட்டிடும். அப்புறம் காலையிலதான் நீ சாப்பிடணும். கூட்டிக் கழிச்சா கிட்டத்தட்ட ஒரு நாள் ஆயிடும்."

"ஆனா ஆவட்டும். செத்தா போயிடுவேன்?"

ஐம்பது நிமிஷம் கழித்து விமானம் எழும்பியது. கடலைத் தொட்டதும் சாப்பாட்டுத் தட்டுகள் வந்தன. பணிப்பெண் இரண்டு பேருக்கும் வைத்தாள். என் மனைவி கையை ஆட்டி வேண்டாமென்றாள். நானும் வேண்டாமென்றேன்.

"நீங்க ஏன்?"

"உன்கூட இன்னிக்கு ஒரு நாள் இருக்கறேன்."

அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். "முப்பத்தோரு வருஷமா இல்லாதது இப்ப என்னா? பிரஷர் மாத்திர போடணும், சாப்பிடுங்க." பணிப்பெண்ணிடமிருந்து தட்டைத் தானே வாங்கி என் முன்னால் வைத்தாள். மேலே மூடியிருந்த தாளை நுனியைப் பிடித்துக் கிழித்து எடுத்தாள். சூடு பார்த்தாள். பிளாஸ்டிக் உறையிலிருந்து ஸ்பூனை எடுத்துக் கொடுத்தாள். பிறகு என் பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டு, லண்டனில் பார்த்த ஒரு கைக்குழந்தை தன் அம்மாவைப் படுத்தின பாட்டைச் சொல்ல ஆரம்பித்தாள். எங்கள் வீட்டு ராத்திரி எட்டு மணி அப்படியே முப்பத்தைந்தாயிரம் அடி உயரத்துக்கு வந்துவிட்டது. நான் ஸ்பூனைத் தட்டிலேயே வைத்துக்கொண்டிருந்தேன். இத்தனை வருஷம் எத்தனை ஆயிரம் ராத்திரி இவள் பசியோடோ பசியில்லாமலோ எதிரில் உட்கார்ந்து இப்படிப் பேசியிருக்கிறாள், ஒருநாளாவது ஆறு மணிக்கு வந்து சேர வேண்டும் என்று நான் முயற்சி பண்ணியிருக்கிறேனா என்று நினைத்தேன். முயற்சி பண்ணியிருந்தால் வாரத்தில் ஒரு நாளாவது வந்திருக்கலாம். வேலை மட்டும் காரணமில்லை. கல் நட்டு முடித்த பிறகு டீக்கடையில் நின்று பேசுகிற அரை மணியும் ஒரு காரணம்தான்.

"என்னா, உப்பு இல்லையா?" என்றாள்.

"இருக்குது" என்று சாப்பிட்டேன்.

பிறகு எல்லா ஜன்னலையும் மூடி விளக்கை அணைத்துவிட்டார்கள். ஜனம் தூங்கியது. நான் கண்விழித்தபோது அவள் ஜன்னல் மறைப்பை இரண்டு விரற்கடை மட்டும் தூக்கிவிட்டு, முகத்தை அதில் வைத்து வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். நானும் எட்டிப் பார்த்தேன். கீழே வெள்ளை வெளேரென்று பனி, கண்ணுக்கெட்டிய மட்டும். ஒரு வரப்பு இல்லை, ஒரு மரம் இல்லை. கிரீன்லாந்து என்று திரை காட்டியது. சூரியன் நாங்கள் கிளம்பும்போது எங்கே இருந்ததோ கிட்டத்தட்ட அங்கேயே இருந்தது. பூமி சுற்றுகிற வேகமும் அந்த உயரமான வடக்கில் விமானம் போகிற வேகமும் ஏறக்குறைய ஒன்றாகிவிடுகிறது என்று நான் அவளுக்கு விளக்கினேன்.

அவள் கடிகாரத்தைப் பார்த்தாள். "நம்ம ஊருல பன்னெண்டர. பாவம், அதுக்கும் தூக்கமில்ல" என்று சொல்லி மறைப்பை மெதுவாக இறக்கினாள்.

சிகாகோவில் இறங்கியபோது ஆறு முப்பத்தைந்து. குடியேற்ற வரிசை பாம்பு மாதிரி மடிந்து மடிந்து போனது. எங்களுக்கு முன்னால் இருநூறு பேராவது இருப்பார்கள். நடுவில் ஒருமுறை என் தோளைத் தட்டி, "நம்ம ஊருல விடிஞ்சிடுச்சுங்க" என்றாள். சுவரில் மணி ஏழேகால். ஏழு ஐம்பதுக்கு அதிகாரி முன்னால் நின்றோம். யாரைப் பார்க்க வந்தீர்கள் என்று கேட்டார், மகளை என்றேன். எத்தனை நாள், ஒரு மாதம். முத்திரை போட்டு அனுப்பினார். பெட்டிகள் சுற்றிச் சுற்றி வந்து எங்கள் கைக்குச் சேர எட்டு பத்து ஆகிவிட்டது. நான் நோட்டைச் சட்டைப் பையில் வைத்துவிட்டேன். இனி கணக்குப் போட ஒன்றும் இல்லை. ஐம்பது நிமிஷ தூரத்தில் இருக்கிற வீட்டுக்கு இருபது நிமிஷத்தில் போக முடியாது.

கதவு திறந்ததும் மகள் நின்றிருந்தாள். இரண்டு வருஷம் கழித்துப் பார்க்கிறோம். கொஞ்சம் இளைத்திருந்தாள். அம்மாவைக் கட்டிக்கொண்டாள். அழப்போகிறார்கள் என்று நினைத்தேன். ஆனால் அவள் உடனே விட்டுவிட்டு, "அம்மா வா, வா, அழறதெல்லாம் அப்புறம். மேல போவணும்" என்று கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு லிஃப்டுக்கு ஓடினாள். மருமகன் பெட்டிகளைத் தள்ளிக்கொண்டு பின்னால் ஓடினார். எனக்கு ஒன்றும் புரியாமல் நானும் ஓடினேன்.

லிஃப்ட், கார் நிறுத்துகிற கட்டடத்தின் மொட்டைமாடியில் போய் நின்றது. மழை பெய்து விட்டிருந்தது. தரையெல்லாம் ஈரம். மேற்கே மேகம் விலகி, தூரத்து மரங்களுக்கு மேல் இரண்டு முழம் உயரத்தில், பெரிதாக, மஞ்சளாக, சூரியன் இருந்தது. மகள் காரின் பின்கதவைத் திறந்தாள். உள்ளே துணி விரித்து டப்பாக்கள். சாதம், சுரைக்காய்க் கூட்டு, பச்சைப்பயறு கடைசல், அப்பளம், தண்ணீர். கை கழுவ ஒரு சொம்புகூட இருந்தது.

"லேட்டுனு ஃபோன்ல பாத்ததுமே வீட்டுக்கு வந்து சேர முடியாதுனு தெரிஞ்சிடுச்சு. அதான் கட்டிக்கிட்டு வந்துட்டேன்" என்றாள்.

மருமகன் ஃபோனைப் பார்த்து, "அத்தை, பதினோரு நிமிஷம் இருக்குது" என்றார், ஓட்டப்பந்தயம் நடத்துகிறவர் மாதிரி.

என் மனைவி காரின் பின்விளிம்பில் உட்கார்ந்தாள். சிரிப்பு வந்துவிட்டது அவளுக்கு. சிரித்துக்கொண்டே பிசைந்தாள், சிரித்துக்கொண்டே சாப்பிட்டாள். "நீங்களும் எடுங்க, எல்லாரும் எடுங்க, பொழுது போவுது" என்று எங்களை அதட்டினாள். நாங்கள் நாலு பேரும் அந்த ஈர மாடியில், பக்கத்தில் கார்களை எடுக்க வந்தவர்கள் ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டுப் போக, ஒரே டப்பாவிலிருந்து அள்ளி அள்ளிச் சாப்பிட்டோம். இன்னும் மூன்று நிமிஷம் என்று மருமகன் சொன்னபோது அவள் கை கழுவிவிட்டிருந்தாள். அப்புறம்தான் மகளைக் கிட்டே இழுத்து, முகத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு அழுதாள்.

அந்த ஒரு மாதமும் ஏழரை மணிக்குச் சாப்பாடு. எட்டரை வரை வெளிச்சம் இருக்கிற ஊரில் வேலைக்குப் போய் வருகிறவர்கள்கூட வந்துவிடுகிறார்கள். மேசையைச் சுற்றி நாலு பேரும் உட்காருவோம். எனக்கு அது பெரிய விருந்தாக இருந்தது. மனைவி எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்து தன் தட்டில் சாப்பிடுவாள். என் தட்டைக் கவனிக்கமாட்டாள். ரசம் வேண்டுமென்றால் நானே ஊற்றிக்கொள்ள வேண்டும். சில நாள் அவளுக்கும் ஊற்றினேன். "தளும்புது, தளும்புது" என்பாள்.

ஒருநாள் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது மகள் தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "அம்மா, டிசம்பர்ல இங்க நாலேகாலுக்கே இருட்டிடும். ஆபீஸ்ல இருந்து வரவே ஆறாயிடும். மொத வருஷம் ட்ரை பண்ணேன். முடியல. இப்ப நான் ராத்திரியிலதான் சாப்பிடறேன்."

நான் மனைவியின் முகத்தைப் பார்த்தேன். மனைவி முருங்கைக்காயைச் சப்பி முடித்துத் தட்டோரம் வைத்தாள். "உன்ன எளச்சிப் போயிட்டியேனு பாத்தேன். அந்த மொத வருஷம் ஒழுங்கா சாப்பிடவே இல்லியா நீ?"

"மத்தியானம் மூணு மணிக்கு ஒரு தடவ சாப்பிடுவேன். அப்புறம் பசிக்கும். தூக்கம் வராது."

"போடி பைத்தியம். எங்கிட்ட சொல்றதுக்கு என்னா?" என்றாள் மனைவி. அவள் குரலில் கோபம் இருந்தது. ஆனால் அது இருட்டில் சாப்பிட்டதற்கான கோபம் இல்லை. "உங்கப்பாவ முப்பது வருஷமா பாக்கறேன். உன்ன ஒண்ணும் சொல்லிட மாட்டேன்." மகள் என்னைப் பார்த்தாள். நான் ரசத்தைப் பார்த்தேன்.

திரும்பி வந்த பிறகு, பழைய அங்கன்வாடித் தோழிகள் நாலைந்து பேர் வீட்டுக்கு வந்தார்கள். "டீச்சர், அமெரிக்கா எவ்ளோ தூரம்?" என்று ஒருத்தி கேட்டாள். நான் பதினாலாயிரத்து ஐந்நூறு கிலோமீட்டர் என்று தொடங்குவதற்குள், "ஒரு பகல் தூரம்தான்" என்று என் மனைவி சொல்லிவிட்டாள். அவர்கள் அதை நம்பிக்கொண்டு போய்விட்டார்கள். திரும்பி வரும்போது இரண்டு ராத்திரி வந்ததை அவள் சொல்லவில்லை.

இப்போது அங்கே குளிர்காலம். மகள் ஆபீஸிலிருந்து வந்து, குளித்து, ஏதாவது செய்து தட்டில் போட்டுக்கொண்டு உட்கார அவளுக்கு ஏழரை மணி ஆகிறது. இங்கே காலை ஏழு. முன்பெல்லாம் எட்டு மணிக்கு மேல்தான் என் மனைவி காலைச் சாப்பாட்டைப் பற்றி யோசிப்பாள். இப்போது ஆறரைக்கே இட்லிப் பானை அடுப்பில் ஏறிவிடுகிறது. ஃபோனை நான் டம்ளரில் சாய்த்து வைத்துக் கொடுக்க வேண்டும். மகள் பக்கம் ஜன்னல் கறுப்பாக இருக்கும், சில நாள் பனி விழுவது தெரியும். எங்கள் பக்கம் சமையலறையில் வெயில் விழுந்திருக்கும். இரண்டு பேரும் ஒன்றாகத் தொடங்குவார்கள்.

"என்னா கொழம்பு?"

"தக்காளி. நீ?"

"வேர்க்கடல சட்னி. கொஞ்சம் தண்ணியாயிடுச்சு. ஏன்டி, அவ்ளோதானா சோறு? இன்னும் கொஞ்சம் போட்டுக்க."

"போதும்மா."

"போட்டுக்கடி. நான் இருக்கறேன், போயி எடுத்துக்கிட்டு வா."

மகள் எழுந்து போவாள். அந்தக் காலி நாற்காலியைப் பார்த்துக்கொண்டு, கையில் பிட்ட இட்லியோடு, அவள் திரும்பி வரும்வரை என் மனைவி வாயில் வைக்காமல் காத்திருப்பாள்.